பவளத்தை வெட்டி ஒட்டினால் வளரும்... அப்போ வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

செம்பருத்திக் கிளையை வெட்டி நட்டால் துளிர்க்கும். கடலில் வாழும் பவளமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு துண்டை வெட்டி, கல்லில் ஒட்டிவைத்தால் தனி உயிராக வளரத் தொடங்கும். வெளிநாடுகளில் மரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் வார இறுதிப் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை இது. தூத்துக்குடிக் கடலில் விஞ்ஞானிகள் 2002 முதல் செய்துவருவதும் இதேதான்.

நுட்பம் ஒன்று. ஆனால் இந்தியாவில் கடலுக்குள் செய்தால் பாதுகாப்புப் பணி. வீட்டில் செய்தால் ஜெயில் வரை போகலாம். ஏன் இந்த வித்தியாசம்? அழியும் பவளத்தைக் காப்பாற்ற இந்த நுட்பம் போதுமா?

வெட்டினால் எப்படி வளர்கிறது?

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது விலங்கு. பாலிப் எனப்படும் சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. பாலிப்பின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கும். நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பகுதி அந்தப் பாசியுடையது.

ஒரு கூட்டத்தில் உள்ள எல்லா பாலிப்பும் ஒன்றின் நகல். அதனால் உடைந்த துண்டு தனியாகவே பிழைக்கும். புயலில் முறியும் மான்கொம்புப் பவளம் இப்படித்தான் பரவுகிறது. மனிதர்கள் செய்வது அதையே கொஞ்சம் ஒழுங்காக: எலும்பு வெட்டும் கத்தரி அல்லது வைரப் பல் ரம்பத்தால் வெட்டுவது, அயோடின் கலந்த நீரில் நனைத்துக் கிருமி நீக்குவது, சூப்பர் க்ளூ ஜெல்லால் சின்ன பீங்கான் குமிழில் ஒட்டுவது.

மூளைப் பவளம் போன்ற உருண்டை வகைகள் ரொம்ப மெதுவாக வளரும். அவற்றுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் என்ற விஞ்ஞானி, தற்செயலாக நொறுங்கிய துண்டுகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வதைக் கவனித்தார். ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், காயத்தை ஆற்றும் வேகத்தில் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன.

வீட்டில் செய்வது அவ்வளவு ஈஸியா?

இல்லை. தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். காரத்தன்மை தினமும் ஏறி இறங்கக் கூடாது. அலைபோல நீரோட்டம், பாசிக்கு ஏற்ற வெளிச்சம் எல்லாம் வேண்டும்.

சென்னை, மதுரையில் தொட்டியைக் குளிர்விக்கச் சில்லர் ஓட வேண்டும். கொடைக்கானல் நாயுடுபுரம் மாதிரி குளிர் ஊரில் கதை தலைகீழ்: அங்கே ஹீட்டர் இல்லாமல் முடியாது. இரண்டு இடத்திலும் பல மணி நேரம் கரண்ட் போனால், பல மாதம் வளர்த்தது ஒரே ராத்திரியில் போய்விடலாம். சில டிகிரி மாற்றம்கூடப் பவளத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்தே புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ல் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

‘கடலில் எடுத்ததில்லை, தொட்டியில் வளர்த்த துண்டுதான்’ என்று சொன்னால்? அட்டவணையில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. கடினப் பவளம் என்ற வகை முழுவதுமே அதில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றாலும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி அனுமதி தேவை. விற்பவர் ‘பிரச்சினை ஒண்ணும் இல்ல’ என்று சொன்னாலும், வனத்துறையிடம் கேட்காமல் வாங்குவது ரிஸ்க்.

இவ்வளவு கடுமை ஏன்? மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு இதுவும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அலையின் வேகத்தைத் தடுக்கும் சுவர் இல்லாமல் போனால் மணல் நிற்காது.

தூத்துக்குடியில் என்ன நடக்கிறது?

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002-ல் மறுநடவைத் தொடங்கியது. ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, கான்கிரீட் சட்டங்களில் கட்டி, சிதைந்த இடங்களில் கடலடியில் வைக்கிறார்கள். மான்கொம்பு உள்ளிட்ட சுமார் 20 உள்ளூர் இனங்கள். 2024 வரை 51,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். இவற்றில் பிழைத்தவை, இடத்தைப் பொறுத்து, சுமார் 55 முதல் 80 விழுக்காடு.

நட்ட இடங்களுக்கு மீன்களும் திரும்பியிருக்கின்றன. தேய்ந்துவரும் காரைச்சல்லித் தீவைக் காப்பாற்றும் தமிழக அரசுத் திட்டத்துக்கும் இந்த அனுபவம்தான் அடிப்படை. 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த அந்தத் தீவு, இப்போது 6 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் ‘டிஎன்-ஷோர்’ திட்டத்தில் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்படுகின்றன.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர் முன்பே சிதைந்துவிட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து மறுநடவு செய்த பரப்பு சுமார் 4 ஹெக்டேர். அதாவது சிதைந்ததில் 800-ல் ஒரு பங்கு.

இன்னொரு பக்கம் வெப்பம். கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு குறையாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய வெளுப்பு வந்தது. 2005-ல் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2021-ல் சுமார் 27 விழுக்காடு. 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது பெரு வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், வேகமாக வளர்கிறது என்று நடப்படும் கிளைப் பவளங்கள்தான் வெப்பத்தில் முதலில் வெளுக்கின்றன. ஒரே தாயின் நகல்களாக நட்டால், ஒன்றைக் கொல்லும் சூடு எல்லாவற்றையும் கொல்லும். அதனால்தான் பல தாய்ப் பவளங்களிலிருந்து துண்டெடுப்பதும், முந்தைய வெளுப்பில் தப்பியவற்றைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம்.

வீட்டுத் தொட்டி நுட்பத்தால் பயனே இல்லையா?

இருக்கிறது. 2023 ஜூலையில் ஃப்ளோரிடாவில் ஓர் ஆழமற்ற விரிகுடாவில் நீர் 38 டிகிரியைத் தொட்டபோது, கடலடி நாற்றங்கால்களில் இருந்த பவளத் துண்டுகளை அள்ளிவந்து கரையில் உள்ள தொட்டிகளில் காப்பாற்றினார்கள். தொட்டியில் பவளத்தை உயிரோடு வைக்கும் கலையில் பெரும்பகுதி மீன்தொட்டி ஆர்வலர்கள் பல ஆண்டு தட்டுத் தடுமாறிக் கற்றது.

ஆனால், வளர்த்ததைக் கொண்டுபோய்க் கடலில் விடலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. தொட்டியில் வந்த நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே போகும். விவசாயத்துக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவில் பவளத்தின் மேலே படர்ந்து மூச்சுத் திணற வைத்த அனுபவம் நமக்கே உண்டு.

பவளத்துக்காக ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு எளிய வழிகள் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் கடையில் வெள்ளைப் பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். ஸ்நார்க்கெலிங் போனால் அதன்மேல் நிற்காதீர்கள். மறுநடவின் வெற்றியைப் பார்க்கும்போது, எத்தனை துண்டு நட்டார்கள் என்பதோடு, அடுத்த கோடை வெளுப்புக்குப் பிறகு எத்தனை மிச்சம் இருந்தன என்றும் கேளுங்கள்.