விரலின் நிறத்தை யாரும் கேட்கவில்லை

எங்கள் ஆய்வு மாணவியர் விடுதியின் உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கும் தீதிக்கு வயது 44. தில்லியின் டிசம்பர் விடியலில் குழாய்த் தண்ணீர் எப்படியிருக்கும் என்பதை இங்கே ஒரு குளிர்காலமாவது கழித்தவர்கள் அறிவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தேநீருக்காக நான் காத்து நின்றபோது, அவர் சட்டென்று கைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையில் பொத்திக்கொண்டார். என்னவென்று கேட்டதும் விரித்துக் காட்டினார். வலக்கையின் இரு விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் கணுவரை மெழுகைப்போல் வெளிறியிருந்தன. வெளிறல் முடியுமிடத்தில் கோடு கிழித்தாற்போன்ற ஓர் எல்லை. சற்று நேரத்தில் அவ்விரல்கள் நீலம் பாரித்தன. அடுப்பருகே சென்று நின்ற பிறகு செந்நிறம் பரவியது. ஊசியால் குத்துவதுபோல் இருக்கிறது என்றார். ஆறு குளிர்காலங்களாக இப்படித்தானாம்.

அந்த ஆறு ஆண்டுகளில் அவர் நான்கு இடங்களில் மருத்துவம் பார்த்திருந்தார். ஒருவர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று பி12 ஊசி போட்டார். மூன்றாமவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். நான்காமவர் மூட்டுவாதம் என்று முடிவுகட்டி, சீட்டில் பெயர்கூட எழுதாமல் சிறு சிறு வெள்ளை மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். நால்வரில் ஒருவர்கூட, குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல் என்ன நிறமாகிறது என்று கேட்கவில்லை.

நான் மருத்துவர் அல்லள். இணைப்புத் திசு நோய்களில் தோன்றும் எதிர்ப்பொருள்களை ஆராய்ந்துவரும் மாணவி. நோயாளி என்பவர் எனக்கு எண்ணிட்ட குப்பியில் வந்துசேரும் சீரம் மட்டுமே. ஆனால் குப்பியோடு வரும் நோய்க்குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவருவதால் ஒன்றைச் சொல்ல முடியும். தோல் இறுகி, நுரையீரல் தழும்பேறி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலோர் உரிய மருத்துவரை அடைகிறார்கள். அவர்களுடைய குறிப்பின் முதல் வரியிலோ பெரும்பாலும், 'பல ஆண்டுகளாகக் குளிரில் விரல் வெளுத்தல்' என்றிருக்கும். உடல் முன்கூட்டியே சொல்லிவிட்டது, நாம் செவிகொடுக்கவில்லை.

1862-இல் பாரிஸ் நகரில் மோரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் தம் பட்ட ஆய்வேட்டில் இந்நிலையை விவரித்தார். அதனால் இது ரேனோ நிகழ்வு என்று வழங்குகிறது. குளிரோ மனக்கலக்கமோ தாக்கும்போது விரல்களின் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன. இரத்தம் நின்றால் வெண்மை, தேங்கியதில் உயிர்வளி தீர்ந்தால் நீலம், மீண்டும் பாய்ந்தால் செம்மை. மூன்று நிறமும் எல்லோரிடமும் தோன்றவேண்டும் என்பதில்லை.

இங்கே நம் மொழி நமக்குச் செய்யும் ஒரு குழப்பத்தைச் சொல்லவேண்டும். நாம் இதை 'விரல் மரத்துப்போகிறது' என்கிறோம். தீதி இந்தியில் 'சுன்ன' என்றார். இரண்டும் உணர்ச்சியைப் பற்றிய சொற்கள். நிறத்தைப் பற்றியவை அல்ல. 'மரத்துப்போகிறது' என்று கேட்ட மருத்துவரின் மனம் நரம்பை நோக்கிப் போகிறது: சர்க்கரை நோய், வைட்டமின் குறை, கழுத்தெலும்பு. இரத்தக்குழாயின் பக்கம் அது திரும்புவதேயில்லை. அவர் மீது முழுப்பழியையும் போட முடியாது. அவர் முன் நோயாளி அமரும்போது விரல் இயல்பான நிறத்தில்தான் இருக்கும். அவர் படித்த நூல்களில் உள்ள படங்களோ பெரும்பாலும் வெள்ளையரின் கைகள். மாநிறத்தோரின் புறங்கையில் இந்த வெளிறல் எளிதில் புலப்படாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகக்கண்ணையும் பார்க்கவேண்டும். ஆகவே என் முதல் வேண்டுகோள் மிக எளியது. விரல் நிறம் மாறும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விவரித்துச் சொல்வதைவிட அது மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

இதைப் படித்து அஞ்சுவோர் இருப்பார்கள் என்பதால் உடனே ஒன்று சொல்கிறேன். ரேனோ நிகழ்வு அரியதன்று. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு உண்டு என்பது பொதுவான கணிப்பு. அவர்களில் பெரும்பாலோருக்கு இது எந்த நோயின் முன்னோடியும் அன்று. பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கி, இரு கைகளையும் ஒன்றுபோல் தாக்கி, புண் ஏதும் தோன்றாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பது முதல்நிலை வகை. கையுறையும் கம்பளியுமே அதற்குப் போதும். முப்பதைத் தாண்டிய பின் புதிதாகத் தொடங்குவது, ஒரு கையில் மிகுந்திருப்பது, கடும் வலி, விரல் நுனியில் ஆறாப் புண் அல்லது ஊசிமுனைத் தழும்பு, காலையில் மோதிரம் கழலாத அளவுக்கு விரல் வீக்கம் ஆகியவை இருந்தால்தான் ஐயம் கொள்ளவேண்டும். (பீடி, சிகரெட் பழக்கமுள்ள இளம் ஆண்களுக்கு விரல் கறுத்துப் புண்ணானால் அது பர்ஜர் நோயாகவும் இருக்கலாம். அது வேறு கதை. புகையை அடியோடு விடுவதே அதற்கு மருந்து.)

ஐயம் எழுந்தபின் செய்யவேண்டியவை இரண்டு. ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையைப் பலரும் அறிவர்; நலமுடையோர் சிலரிடத்திலும் அது நேர்மறையாக வரும் என்பதால், அதை மட்டும் வைத்து எவரையும் நோயாளியாக்கக் கூடாது. மற்றதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. நகம் தோலோடு சேரும் மடிப்பில் ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கிப் பார்த்தால், இரத்தத் தந்துகிகள் கொண்டையூசிகளை அடுக்கினாற்போல் வரிசையாகத் தெரியும். ஸ்கிளீரோடெர்மா எனப்படும் தோல் இறுக்க நோய் மறைந்திருந்தால் அந்த வரிசை குலைந்திருக்கும். சில தந்துகிகள் பன்மடங்கு பருத்திருக்கும். சில இடங்களில் இரத்தம் கசிந்திருக்கும். சில இடங்கள் வெறுமையாய்க் கிடக்கும். இதற்கென்று தனிக் கருவி உண்டு. எனினும் தோல் மருத்துவரின் மேசையிலிருக்கும் டெர்மாஸ்கோப்பைக் கொண்டும், கண் மருத்துவரின் ஆஃப்தால்மாஸ்கோப்பைக் கொண்டும் பெருங்கோளாறுகளைக் கண்டுவிடலாம்.

இவ்விரண்டின் மதிப்பை 2008-இல் கனடாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. வேறு நோய் ஏதும் வெளிப்படாத, ரேனோ மட்டும் உள்ள 586 பேரை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தார்கள். தந்துகிக் கோளாறும் இந்நோய்க்கே உரிய எதிர்ப்பொருளும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குப் பின்னர் ஸ்கிளீரோடெர்மா உறுதியானது. இரண்டும் இல்லாதவர்களில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு துளி எண்ணெயும் ஒரு குழாய் இரத்தமும் இத்தனை தெளிவாக இருவகையினரைப் பிரித்துக் காட்டுமென்றால், அவற்றைப் பெருநகர மருத்துவமனைகளின் தனிச்சொத்தாக வைத்திருப்பது என்ன நியாயம்?

"முன்னதாகக் கண்டுபிடித்து என்ன பயன், முழுதாகக் குணப்படுத்த முடியாத நோய்தானே?" என்று என் உடனாய்வாளர் ஒருவரே கேட்டார். பயன் உண்டு. நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மலிவான மாத்திரைகள் விரலைப் புண்ணிலிருந்து காக்கும். நுரையீரல் தழும்பேறுவதைத் தடுத்து மெதுவாக்க இன்று மருந்துகள் உள்ளன. தழும்பேறியபின் அதை அழிக்கத்தான் மருந்தில்லை. இரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் புரோப்பனலால் போன்ற மருந்துகள் ரேனோவை மோசமாக்கக்கூடும் என்பதால் அவற்றை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயரில்லாப் பொட்டலம். மூட்டுவலிக்கு இந்நாட்டில் ஸ்டீராய்டு எவ்வளவு எளிதாகக் கைமாறுகிறது என்பது அனைவரும் அறிந்தது. ஸ்கிளீரோடெர்மா உள்ளவருக்கு அது உயர்ந்த அளவில் செல்லும்போது, இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. தவறான பெயர் சூட்டுவது காலத்தை மட்டும் வீணாக்குவதில்லை.

தீதியின் கதையில் இன்னொரு சரடும் இருக்கிறது. திருமணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கிழக்கு ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். 1914-இலேயே எடின்பரோவின் பைரம் பிராம்வெல் தம்மிடம் வந்த ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளில் கல்தச்சர்கள் இருப்பதைக் கவனித்து எழுதினார். 1957-இல் எராஸ்மஸ் என்பவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் அதே தொடர்பைக் கண்டார். சிலிக்கா தூசு நுரையீரலை மட்டும் கெடுப்பதன்று. தனியொருவரின் நோய்க்கு இதுவே காரணம் என்று என்னால் அறுதியிட முடியாது, எவராலும் முடியாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அது. ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கென்று ஒரு கொள்கையை வகுத்து உதவித்தொகை வழங்கிவருவது பாராட்டத்தக்கது. நெஞ்சைப் படமெடுக்க வரிசையில் நிற்கும் அந்தத் தொழிலாளரின் கைகளையும் ஒரு நிமிடம் விரித்துப் பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கையா? துளைக்கருவி பிடித்தவர்களுக்கு அதிர்வினாலும் விரல் வெளுக்கும் என்பதால், அங்கே அந்தக் கேள்விக்கு இரட்டைப் பயன்.

பலரும் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். வாதநோய் வல்லுநரிடம் தீதியை அழைத்துச் செல்ல எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அவர் முதலில் செய்தது நகமடிப்பில் எண்ணெய் விட்டதுதான். திரையில் பார்த்தபோது, நான் பாடநூலில் மட்டுமே கண்டிருந்த பருத்த தந்துகிகள் அங்கே இருந்தன. சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் நேர்மறை. நுரையீரல் இதுவரை நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மூச்சுப் பரிசோதனையும் இதய எக்கோவும் செய்யவேண்டும். வெள்ளை மாத்திரைகள் நின்றன. விடுதிக் காப்பாளரிடம் மூன்று முறை மனு கொடுத்த பிறகு, அவரைப் பாத்திரத் தொட்டியிலிருந்து ரொட்டி சுடும் அடுப்புக்கு மாற்றினார்கள். சம்பளம் மாறவில்லை. சென்ற வாரம் கல்வாய்க்கே ஊரிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தார். அவரும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தீதி அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.