ஸ்லோவில் மிஸ்ஸிங்... இன்ஜினையா பிரிக்கணும்?

"அண்ணே, தூத்துக்குடி ரோட்டுல விட்டா குதிரை மாதிரி ஓடுது. பஜாருக்குள்ள வந்து ஸ்லோ பண்ணா மட்டும் உதறுது, மிஸ்ஸிங் அடிக்குது. போர் வேலை பார்க்கணுமாம், அறுபதாயிரம் ஆகுமாம். பேசாம எடைக்குப் போட்டுடலாமான்னு இருக்கு."

காரியாபட்டியிலிருந்து போன் பண்ணிய தம்பிக்கு அது வெறும் கார் இல்லை; அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. "இந்த வண்டிச் சத்தம் கேட்டா அம்மா இப்பவும் வாசலுக்கு வந்துடுவாங்கண்ணே" என்றார். அதற்கு மேல் போனில் பேச மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஹெரால்டு 1961-லிருந்து சென்னையில் தயாரான கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். அதே சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அந்த வகையில் நம்ம ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்! பானெட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

அந்த ஊர் மெக்கானிக் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். இன்ஜின் சூடானதும் முதல் சோதனை. நல்ல இன்சுலேஷன் உள்ள பிளையரால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி, உடனே மாட்டினார். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் இறங்கும். இறங்கவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிளக், ஒயர், வால்வு என்று அங்கேயே தேடலாம். (பாயின்ட் வைத்த பழைய வண்டிக்குத்தான் இந்த முறை. புது கார்களில் முயற்சி செய்யாதீர்கள்.)

இங்கே நாலு சிலிண்டரிலும் சத்தம் ஒரே மாதிரி இறங்கியது. "நாலும் உழைக்குது. அப்புறம் எதுக்குப் போர் வேலை?" என்றார் பெரியவர். தம்பியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம்.

தப்பு நாலுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தோம். பாயின்ட் இடைவெளி ஃபீலர் கேஜில் 0.4 மி.மீ., சரி. ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தோம், ஆட்டமில்லை. கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஊதினோம், அடைப்பில்லை.

மிச்சம் இருந்தது காற்றுக் கசிவு. கூட இருந்த பையன் பெட்ரோல் பாட்டிலை எடுத்தான், மூட்டில் ஊற்றிச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்க. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், சிவகாசி பக்கத்துல பொறந்துட்டு, சூடான இன்ஜின்ல பெட்ரோல் ஊத்துறியா?"

பதிலாக, இன்ஜினை ஓடவிட்டு, கெட்டியான இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டு, கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தடவினார். ஒரு மூலையில் ஆயில் சர்ரென்று உள்ளே போனது. சில விநாடி உதறல் நின்றது! ஆயில் போய்ச் சேர்ந்ததும் மறுபடி உதறல். திருடன் கிடைத்துவிட்டான்.

ஸ்பீடில் மட்டும் ஏன் தெரியவில்லை? ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்தால் நாக்குக்குத் தெரியும்; அண்டாப் பாலில் கலந்தால் தெரியாது. ஸ்லோவில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜினுக்குத் தேவையான காற்றும் கொஞ்சம்தான், உறிஞ்சும் வேகமோ அதிகம். அப்போது ஓட்டை வழியாக நுழையும் காற்று கலவையை நீர்க்கச் செய்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கலவை நிறையப் போகும், கசிவு கணக்கிலேயே வராது.

கழற்றிப் பார்த்தால் பேக்கிங் காய்ந்து விரிசல். யாரோ நட்டை ஓவராக இறுக்கி, அடிப்பாகமும் லேசாக வளைந்திருந்தது. கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது பேக்கிங் வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி அளவாக இறுக்கினார். பேக்கிங் தாளும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

உங்கள் வண்டிக்கும் இதே கணக்குதான். ஸ்லோவில் மட்டும் உதறினால் காற்றுக் கசிவு, ஸ்லோ ஜெட், ஸ்பார்க் பக்கம் முதலில் பாருங்கள். ஸ்பீடில் மட்டும் திணறினால் பெட்ரோல் வரத்தையும் பாருங்கள். செலவில்லாத சோதனை முதலில், இன்ஜினைப் பிரிப்பது கடைசியில். புது காராக இருந்து செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால், ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

சாயங்காலம் பஜார் வழியாக மெதுவாக ஓட்டி வந்தோம். உதறலே இல்லை. வீட்டுத் தெரு திரும்பும்போதே பார்த்தேன், அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.