நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

"மனசத் திடமா வெச்சுக்க கண்ணு. நீ நெனச்சா நாளைக்கே எந்திரிச்சு நடப்ப."

தொண்டையில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் தம்பியிடம் எங்கள் பெரியப்பா சொன்னது இது. அன்போடுதான் சொன்னார். தம்பி இமையை மட்டும் அசைத்தான். அவனால் அசைக்க முடிந்தது அவ்வளவுதான். பல வாரம் கழித்துப் பேச்சு வந்தபின் அவன் என்னிடம் கேட்டான்: "நான் சரியா நெனைக்கலையாக்கா?"

அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

அவனுக்கு வந்தது கில்லன்-பாரே நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய் இது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். இவ்வளவு அபூர்வமானது என்பதால், இதைப் பற்றி ஊரில் தவறாகப் பேசினால் திருத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை. மன உறுதி இருந்தால் வென்றுவிடலாம் என்பது அந்தப் பேச்சுகளில் தலையானது. அதற்குத் துணை நிற்கும் பேச்சுகளை முதலில் பார்த்துவிடலாம்.

"நரம்புத் தளர்ச்சிதான். உடம்பில் சத்தில்லை, எதிர்ப்புச் சக்தி இல்லை" என்பார்கள். தம்பி கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். இரும்பு உருளையைத் தனியாளாகத் தூக்குவான். 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நோயை விவரித்தபோது அவர்கள் கண்ட நோயாளிகள் இருவரும் போர்வீரர்கள். 2001இல் இது வந்த ஜெர்மானியக் கால்பந்து வீரர் மார்க்குஸ் பாபெல், அப்போது லிவர்பூல் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். சத்தில்லாத உடம்பா இவை?

நடப்பது வேறு. நோயாளிகளில் சுமார் மூன்றில் இருவருக்கு, கைகால் தளர்வதற்குச் சில வாரம் முன்பு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போயிருக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்ற கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு கூறு, நம் நரம்பின்மேல் உள்ள கூறு ஒன்றைப் போலவே இருக்கிறது. கிருமியை அடிக்கப் புறப்பட்ட படை, ஆள் மாறி நரம்பையும் அடிக்கிறது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் இந்த நோய் பரவலாகத் தென்பட்டபோது சந்தேகம் குடிநீர்மேல்தான் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பின்னர் 200ஐத் தாண்டினார்கள். நோயாளிகள் சிலரின் மலத்தில் இந்தக் கிருமியே இருந்தது. ஆக, இங்கே எதிர்ப்பாற்றல் குறைந்துபோகவில்லை, திசை தவறியிருக்கிறது. "எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிறேன்" என்று லேகியமும் கஷாயமும் கொடுப்பது இந்த நோய்க்கு மருந்தே அல்ல. அதில் கழியும் நாட்கள்தாம் ஆபத்து. வீட்டருகே ஒரு மருத்துவர் தம்பிக்கு மூன்று நாள் சத்து ஊசி போட்டார். முதல் நாள் காலிலிருந்து செருப்பு கழன்றது அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் படியேற முடியவில்லை. நான்காம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"தடுப்பூசியால் வருவது" என்ற பேச்சைச் சுருக்கமாகவே கடக்கிறேன். 1976இல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியால், போட்டுக்கொண்ட லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் என்ற அளவில் இந்த நோய் கூடுதலாக வந்தது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு இதைத் தூண்டிவிடுவது தொற்றுதான். தம்பிக்குத் தூண்டியது, பத்து நாள் முன்பு வந்த வயிற்றுப்போக்கு.

"லட்சக்கணக்கில் கொட்டினால்தான் பிழைப்பார்" என்பது அடுத்தது. இது குடும்பங்களை மருத்துவமனை வாசலிலேயே உடைத்துவிடுகிறது. ஐவிஐஜி என்ற மருந்து, ஆயிரக்கணக்கானோர் தந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்றுவது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம். விலை லட்சங்களில்தான். ஆனால் பிளாஸ்மா மாற்று என்ற, பொதுவாகச் செலவு குறைந்த இன்னொரு வழி அதற்கும் முந்தியது. ரத்தத்தை வெளியே எடுத்து, பிளாஸ்மாவை மட்டும் நீக்கிவிட்டுத் திருப்பி ஏற்றுவார்கள். 383 நோயாளிகளிடம் நடத்திய பன்னாட்டுச் சோதனையின் முடிவு 1997இல் வெளியானது: இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் தருகின்றன, இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. எனவே "இங்கே பிளாஸ்மா மாற்று செய்கிறீர்களா?" என்று குடும்பத்தார் கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. நிலத்தை அடகு வைக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி அது. எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்கவேண்டும், முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவே.

இனி, மன உறுதி.

நரம்பை மின்கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, மேலே உறை. நோய் உறையை மட்டும் தின்றிருந்தால் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி வளர்ந்துவிடும். கம்பியே அறுந்திருந்தால் அது வளரும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் நாள். அதுவும் வழியில் தடை ஏதும் இல்லாமல் இருந்தால். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே வயதுடைய இருவர், ஒரே மருந்து, ஒரே வைராக்கியம். ஒருவர் மூன்றாம் மாதம் நடந்து வீடு போகிறார், மற்றவர் மூன்றாம் ஆண்டிலும் ஊன்றுகோலோடு இருக்கிறார். வேறுபாடு அவர்கள் நெஞ்சில் இல்லை. நரம்பில் எது அறுந்தது என்பதில் இருக்கிறது. நல்ல சிகிச்சை கிடைத்தும் ஆறு மாத முடிவில் ஐந்தில் ஒருவரால் துணையின்றி நடக்க முடிவதில்லை. இருபதில் ஒருவர் அளவுக்கு இறந்தும் போகிறார்கள். அவர்கள் எல்லாரும் சரியாக நினைக்காதவர்களா? வென்றவனின் உறுதியைப் புகழும் அதே வாய், தோற்றவனைக் கோழை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

முயற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டு இறுகாமல் பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கி நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துழைக்கத் தைரியம் வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்கு அளவு உண்டு. தளர்ந்த தசையை விரட்டி விரட்டி வேலை வாங்கினால் அது இன்னும் சோர்ந்துபோகும். "இன்னும் நாலு எட்டு வை" என்று கட்டாயப்படுத்தும் உறவினரைப் பிசியோதெரபிஸ்ட் தடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வென்ற கதைகளிலும் ஒரு பாதியைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். 'கேட்ச்-22' எழுதிய ஜோசப் ஹெல்லருக்கு 1981 டிசம்பரில் இந்த நோய் வந்தது. மீண்டபின் 1986இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைத் தனியாக எழுதவில்லை. அவர் படுத்திருந்தபோது வீட்டையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்ட நண்பர் ஸ்பீட் வோகெலும் அவரும் மாறி மாறி அத்தியாயங்கள் எழுதினார்கள். பிழைத்த கதையில் நண்பருக்குப் பாதிப் பங்கு என்பதை ஹெல்லரே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

"டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்பது கடைசிப் பேச்சு. நடக்கத் தொடங்கியவர்களிலும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அசதி விடாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் 'சோம்பேறி' என்ற பெயர் கிடைக்கும். இதன் நெருங்கிய உறவான சிஐடிபி என்ற நோய் எட்டு வாரத்துக்கு மேலும் வளரும். அடங்கியபின் திரும்பியும் வரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். அவர்களிடம் "இன்னுமா குணமாகவில்லை?" என்று கேட்பது கொடுமை. எழுந்து நடப்பதே வெற்றி என்றும் நான் நினைக்கவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்கும் சக்தியை இழந்தார். அது வேறு பாதிப்புதான். ஆனாலும் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். மறுபடி நடக்கவே இல்லை.

தம்பி இப்போது கணுக்காலில் பிளாஸ்டிக் தாங்கி மாட்டிக்கொண்டு நடக்கிறான். பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

இரண்டு கால்களும் ஒருசேர மரத்து, தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறினால், அன்றைக்கே நரம்பியல் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். சடுகுடு பாடுவதுபோல ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். இருபது வரை எண்ண முடியாமல் குறைந்துகொண்டே வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஓர் இரவு அந்தக் கட்டிலருகே நீங்கள் இருந்து, அவர் மனைவியையோ தாயையோ தூங்க விடுங்கள்.