படுத்த மாட்டைத் தூக்க என்ன வைத்திருக்கிறோம்?

கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் கறவை மாடு படுத்துக்கொள்வது நம் பக்கம் புதிதில்லை. கால்சியம் குறைவால் வரும் பால் காய்ச்சல். டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் எழுந்துவிடும். எழாத மாட்டுக்குத்தான் வழியில்லை. மூலனூர் பக்கம் நான் பார்த்தது இரண்டு வழி: வாலை முறுக்கி நாலு பேர் தூக்குவது, ஜேசிபியில் கயிறு கட்டித் தூக்குவது. இரண்டுமே மாட்டுக்கு ஆகாதுங்க.

300, 400 கிலோ எடை ஒரே தொடையை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தசையும் நரம்பும் கெடும். அரை நாள் அப்படியே கிடந்தால், முதலில் வந்த நோய் தீர்ந்த பிறகும் மாடு எழாது. கைவைத்தியத்தை நம்புகிறவன்தான் நானும். ஆனால் எந்தப் பச்சிலையும் மாட்டைப் புரட்டிப் போடாது.

பெருநகரங்களில் நாய்க்குப் பிசியோதெரபி வந்துவிட்டது. நமக்கு அந்த மெஷின்கள் வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்கு மணல் படுக்கை, மேலே நிழல், வழுக்காத தரை, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதிய செயின் பிளாக்கோடு ஒரு முக்காலி, நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துத் தாங்கும் அகலமான பட்டை, மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கப் பழகிய ஆள். இவ்வளவுதான். இடுப்பெலும்பைக் கவ்வும் இரும்புக் கிளாம்ப் இருந்தால், எழுந்து நிற்க உதவும் சில நிமிடத்துக்கு மட்டுமே. அதில் தொங்கவிட்டால் புண்ணாகும்.

மனிதர்களுக்கான தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கால்நடைக்கு 1984-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இருக்கிறது. அது யார் வைத்தியம் பார்க்கலாம் என்பதைச் சொல்வது. சிகிச்சைக் கூடத்தில் என்ன கருவி இருக்கணும் என்பதற்கானது அல்ல.

வங்கியில் நான் பார்த்த கறவை மாட்டுக் கடன் மதிப்பீடுகளில் மாடு, கொட்டகை, தீவனம், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும். தூக்குப் பட்டைக்கு ஒரு வரி இருந்ததில்லை. மாடு செத்தால் பணம். பிழைக்கவைக்கப் பைசா இல்லை. என்ன கணக்கு இது?

ஆகவே இரண்டு கோரிக்கை. மேலே சொன்ன பட்டியலை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் குறைந்தபட்சத் தரமாகக் கால்நடை பராமரிப்புத் துறை அறிவிக்கணும். அதுவரை பால் சங்கத்துக்கு ஒரு செட் நாமே வாங்கி வைக்கணும். 1962-க்குப் போன் செய்தால் டாக்டர் வண்டி வரும். ஆனால் இரவெல்லாம் மாட்டைப் புரட்டிப் போடுவது நம் வேலைதான். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.