ஹனுக்கா 'யூதர்களின் தீபாவளி' இல்லை

டிசம்பர் வந்தால் போதும், ரீல்ஸில் ஒன்பது விளக்கு ஏற்றிய ஒரு ஸ்டாண்ட் வரும். கூடவே 'யூதர்களின் தீபாவளி'ன்னு ஒரு கேப்ஷன். சிலர் 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்றாங்க. ஆனா ஹனுக்காவோட கதை தெரிஞ்சா, அந்தப் பண்டிகையை இப்படிச் சொல்றது எவ்வளவு பொருந்தாதுன்னு புரியும்.

கி.மு. 167. யூதேயாவை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸ், யூதர்கள் ஓய்வுநாள் கடைப்பிடிக்கவும் விருத்தசேதனம் செய்யவும் தடை போட்டான். எருசலேம் கோயிலில் கிரேக்க வழிபாட்டைப் புகுத்தினான். எல்லாரும் ஒரே மாதிரி ஆகணும், அவ்வளவுதான். மக்கபேயர்கள் எதிர்த்துப் போராடி, கி.மு. 164-ல் கோயிலை மீட்டு மறுபடி அர்ப்பணித்தார்கள். 'ஹனுக்கா' என்ற எபிரேயச் சொல்லுக்கே அர்ப்பணிப்பு என்றுதான் பொருள்.

ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அதிசயம்? அது மக்கபேயர் நூல்களில் இல்லை. பல நூற்றாண்டு கழித்துத் தொகுத்த தால்முத்தில்தான் வருது. விளக்கை வாசலிலோ ஜன்னலிலோ, வெளியே தெரியற மாதிரி வைக்கணும் என்பது விதி. ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும் என்றும் அதே தால்முத் சொல்கிறது. 'நாங்க இங்க இருக்கோம், நாங்களாவே இருக்கோம்'னு தெருவுக்குச் சொல்ற விளக்கு அது.

இதுக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். ராயபுரத்துக்குப் பக்கத்தில், முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெரு இருக்கு. 17-ஆம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களை நினைவுபடுத்தும் பெயர். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் யூதர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் போர்த்துகீசிய வம்சம். போர்ச்சுகலில் 1497-ல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிய வரலாறு அந்தக் குடும்பங்களுக்குப் பின்னால் இருக்கு.

அப்போ ஒப்பிடவே கூடாதா? தாராளமா ஒப்பிடலாம். பெரியபுராணத்தில் வரும் கலிய நாயனார் நம்ம திருவொற்றியூர் செக்கு வணிகர். கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாதபோது தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்தவர். அந்தக் கதை தெரிஞ்சவங்களுக்கு, எண்ணெய் தீரப்போற விளக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சட்டுனு புரியும். ஆனா கலியர் விளக்கு ஒரு தனி மனிதரின் பக்தி. ஹனுக்கா விளக்கு ஒரு சமூகத்தின் பிடிவாதம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

'எங்களை உங்களை மாதிரி ஆக்காதீங்க'ன்னு போராடினவங்க பண்டிகைக்கு நம்ம பண்டிகை பேரையே வைக்கிறோம்! ஹாஸ்டலில் வேற மாநிலத்துப் பசங்ககிட்டயும் இதைத்தான் பண்றோம்: "ஓ, உங்க ஊர் பொங்கலா மச்சி?" அடுத்த தடவை "அதோட கதை என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க.