எழுவாய் இல்லாத வினையும் பிழைப்பட்டியலும்

குகட்பள்ளியில் இயங்கும் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அமுலுக்குக் கொண்டுவந்த ஆர்-22 விதிமுறையைப் பற்றி நமது பத்திரிகை ஏன் வாய் திறக்கவில்லை என்று, இணைப்புக் கல்லூரிகளில் ஆங்கிலம் போதிக்கும் நண்பர்கள் பலர் உரிமையோடு கடிந்து எழுதியிருக்கிறார்கள். பாடத்தை ஒரு சுற்று நடத்தி, விடைத்தாளையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அபிப்பிராயம் சொல்வது முறை என்று காத்திருந்தோம். இனியும் காத்திருக்கக் காரணமில்லை.

உள்மதிப்பீட்டுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பங்கீடு மாறியதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. முதலாண்டு ஆங்கிலத்தின் முதல் அலகிலேயே ஆர். கே. நாராயணின் 'டோஸ்டட் இங்கிலீஷ்' வியாசத்தை வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறோம். 1906இல் சென்னையில் பிறந்த அந்தத் தமிழர், அமெரிக்கர் ஆங்கிலத்தைத் தமக்கு வேண்டியவாறு வளைத்துக்கொண்டதைக் காட்டி, 'பாரத ஆங்கிலம்' ஒன்று உருவாகும் காலம் வந்துவிட்டது என்று வாதாடிய கட்டுரை அது. ஆனால் அதே அலகில் தொடங்கி இலக்கணம் எந்தப் பெயரில் வருகிறதென்று பாருங்கள். முதல் அலகில் ஆர்ட்டிகிளிலும் பிரெபொசிஷனிலும் நேரும் பொதுப் பிழைகள். இரண்டாவதில் எழுவாய்-பயனிலை இயைபில் நேரும் பொதுப் பிழைகள். மூன்றாவதில் காலங்களில் நேரும் பொதுப் பிழைகள். ஐந்தாவதில் எஞ்சிய பொதுப் பிழைகள். நம் மொழியின் வழியே ஆங்கிலம் மாறலாம் என்று நாராயண் சொல்வதைக் காலையில் படித்துவிட்டு, நம் மொழியின் வழியே வந்தவையெல்லாம் பிழை என்று பிற்பகலில் படிக்கும் மாணவன் எதை நம்புவான்?

சென்ற பருவத்தில் இப்பகுதிக் கல்லூரியொன்றின் உள்மதிப்பீட்டுத் தாள்களை மறுபார்வை செய்யும் பணி நமக்கு வாய்த்தது. அவற்றுள் ஒன்றில், நாராயண் கட்டுரையைப் பற்றிய பத்தியை ஒரு மாணவி, 'எனக்குத் தோன்றுகிறது' என்று பொருள்படும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லால் தொடங்கியிருந்தாள். கடைசி எழுத்தான 'எஸ்'ஸைச் சுற்றிச் சிவப்பு மசியில் ஒரு வட்டம்; ஓரத்தில் எழுவாய்-பயனிலை இயைபு தவறு என்ற குறிப்பு; அரை மதிப்பெண் குறைப்பு. கம்மம் ஜில்லாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் அவள். இச்சொல் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, கணினி வகுப்பில் எழுதிய ஒரு புரோகிராமில் என்றாள். ரிச்சர்ட் டாகின்ஸ் 1986இல் வெளியிட்ட 'தி பிளைண்ட் வாட்ச்மேக்கர்' நூலில், தற்செயலான எழுத்துகளிலிருந்து படிப்படியான தேர்வினால் ஹாம்லெட் நாடக வசனமொன்றை உருவாக்கிக் காட்டுகிறாரல்லவா, அந்த 28 எழுத்திடங்கள் கொண்ட வசனத்தின் முதற்சொல் இதுதான். "எஸ் எதற்காக வருகிறது, யோசித்தாயா அம்மா?" என்றோம். "தெலுங்கில் நாக்கு அனிபிஸ்துந்தி என்கிறோம் சார். எனக்கானாலும் அவர்களுக்கானாலும் முடிவு துந்திதானே. அதுபோல என்று நினைத்தேன்" என்றாள்.

முப்பதாண்டுகளாக இத்தொழிலில் இருந்துவரும் நமக்கு, ஒரு வினையின் வரலாறு முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லிக் கேட்ட ஞாபகமில்லை.

வாசகர்கள் அறிந்ததே; ஆயினும் வாதத்துக்காக நினைவூட்டுகிறோம். பழைய ஆங்கிலத்தில் 'நினைத்தல்' என்ற பொருளில் தெஞ்சன் என்றும், 'தோன்றுதல்' என்ற பொருளில் துஞ்சன் என்றும் இரு வேறு வினைகள் இருந்தன. ஜெர்மானியத்தில் டெங்கன், டுங்கன் என அவை இன்றும் பிரிந்தே நிற்க, ஆங்கிலத்தில் ஒலி மயங்கி ஒன்றாயின. 'மீதிங்க்ஸ்' என்பதில் இருப்பது இரண்டாவது வினை. அதன் முன்னே ஒட்டிய 'மீ' செயப்படுபொருளன்று. எனக்கு என்னும் நான்காம் வேற்றுமை. எழுவாய் இல்லாத, அல்லது பின்வரும் வாக்கியம் முழுவதையுமே எழுவாயாகக் கொண்ட வினையாதலால் அது படர்க்கை ஒருமையில் நிற்கிறது. அந்த 'எஸ்'ஸுக்கு அதுவே நியாயம். நிகழ்காலத்தில் மீதிங்க்ஸ், பழைய வழக்கில் மீதிங்கெத், இறந்தகாலத்தில் மீதாட். வினையின் விகற்பங்கள் அவ்வளவுதான். எச்சமில்லை, எதிர்காலமில்லை, ஏவலில்லை. சாஸரின் காலத்தில் அவனுக்குத் தோன்றிற்று என்பதற்கும் இதே வினை வழங்கியது. வேற்றுமை உருபுகளை ஆங்கிலம் ஒவ்வொன்றாக இழந்தபோது, தன்மை ஒருமையில் மட்டும் உருபும் வினையும் ஒரே சொல்லாக இறுகிப் பிழைத்துக்கொண்டது.

இலக்கியத்தில் இதன் பிரயோகத்தைக் கவனித்தால், கவிகள் இதைப் பழமையின் அலங்காரத்துக்காக மட்டும் கையாளவில்லை என்பது விளங்கும். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், இரண்டாம் சாமுவேல் பதினெட்டாம் அதிகாரத்தில், அப்சலோமைப் பற்றிய சேதிக்காக தாவீது வாசலில் காத்திருக்க, மேலே நிற்கும் காவற்காரன் தூரத்தில் ஓடிவருபவனைப் பார்த்து, முன்னே வருபவனின் ஓட்டம் அகிமாசுடையதைப் போல இருப்பதாகச் சொல்லும் இடத்தில் மீதிங்கெத் வருகிறது. முகம் தெரியாத தொலைவு. அவன் நினைக்கவில்லை, அவனுக்குத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தில் கழுதைத் தலை நீங்கி விழித்தெழும் நெசவாளி பாட்டம், தான் என்னவாக இருந்தான் என்பதைச் சொல்ல வாயெடுத்து, மீதாட் என்று தொடங்கித் தொடங்கி வாக்கியத்தை முடிக்க முடியாமல் விட்டுவிடுகிறான். அங்கே 'ஐ தாட்' என்று மாற்றி வைத்துப் பாருங்கள். அது ஒரு மனிதன் கண்ட மனக்கணக்காகிவிடும், அவன் மேல் வந்து கவிந்த அற்புதம் மறைந்துபோகும். 1652க்குள் பார்வையை முற்றிலும் இழந்துவிட்ட மில்டன், மறைந்த மனைவியைக் கனவிற் கண்டு பாடி 1673 பதிப்பில் வெளிவந்த சானெட்டின் முதற்சொல்லும் மீதாட்தான். கண்ணில்லாதவர் 'கண்டேன்' என்று சொல்லவேண்டிய இடத்தில், காட்சி தமக்கு வந்தது என்று முதற்சொல்லிலேயே அறிவித்துவிடுகிறார். நம் அறிவுக்கு எட்டியவரை, ஆங்கிலக் கவிதையில் ஒரு வேற்றுமை உருபு இதைவிடப் பெரிய சுமையைத் தாங்கியதில்லை.

இந்த நான்காம் வேற்றுமை நம் வீட்டுச் சொத்து. எனக்குத் தோன்றுகிறது, உனக்குப் புரிகிறது, அவர்களுக்குப் பசிக்கிறது என்று அனுபவிப்பவன் யாராயினும் வினை அஃறிணை ஒருமையில் நிற்பது தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே அறிந்த நியமம். ருசித்தல் என்னும் பொருள்தரும் வினைகளுக்கு மகிழ்பவனைச் சம்பிரதானமாகக் கொள்ள வேண்டுமென்று பாணினி சூத்திரம் செய்தார். தொல்காப்பியரோ கு உருபின் பொருளாகக் கொள்வோனை நிறுத்தினார். எண்ணமும் பசியும் சந்தேகமும் நாம் செய்வன அல்ல, நாம் கொள்வன என்னும் இந்தப் பார்வையைத்தான், "ஒன் டவுட் கேம் டு மீ" என்று வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவன் ஆங்கிலத்தில் வைக்கப் பார்க்கிறான். அது இன்றைய ஆங்கிலமல்ல என்று சொல்லத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆங்கிலமும் இப்படித்தான் பேசியது, இன்ன காரணத்தால் மாறியது என்று கூடவே சொன்னால், திருத்தம் அவமானமாகாமல் அறிவாகும்.

நம் மனக்குறை நேற்று ஏற்பட்டதன்று. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனம் இந்த ஹைதராபாத்தில்தான் தோன்றியது. 1972இல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டது. 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பணியாற்றிய கே. ஏ. ஜெயசீலன், மலையாளத்தின் அனுபவிப்போன் நான்காம் வேற்றுமையைப் பற்றி எழுதிய கட்டுரை 2004இல் வெளியாகி உலகத்தாரால் படிக்கப்பட்டது. அது இடம்பெற்ற, எழுவாய் வேற்றுமை ஏலாத எழுவாய்களைப் பற்றிய பெருந்தொகுப்பைப் பேரி பாஸ்கரராவும் கே. வி. சுப்பாராவும் பதிப்பித்தார்கள். இவ்வளவும் அந்நிறுவனம் இருக்கும் தார்நாகாவிலிருந்து குகட்பள்ளிக்கு வந்து சேரவில்லை. மெட்ரோ ரயில் வந்து சேர்ந்துவிட்டது. இலக்கண ஞானம் வரவில்லை. பாடத்திட்டக் குழுக்கள் கூடுகின்றன, அலகுகளின் பெயர்கள் மாறுகின்றன, ஆர்-16 ஆர்-18 ஆகிறது, ஆர்-18 ஆர்-22 ஆகிறது. மாணவனின் தாய்மொழி மட்டும் ஒவ்வொரு முறையும் பிழைகளின் பிறப்பிடமாகவே வாசலில் நிறுத்தப்படுகிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை தாய்மொழியைப் போற்றுகிறது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் பொறியியலே படிக்கலாம் என்று அனுமதித்தது. இயந்திரவியலைத் தாய்மொழியில் படிக்கலாமாம், ஆனால் ஆங்கில இலக்கணத்தைத் தாய்மொழி இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசப் பாடத்திட்டத்தில் இடமில்லை. இதை அலட்சியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வாரத்துக்கு 2 மணி நேரம் மட்டுமே கொடுத்து, அந்த 2 மணியையும் பிழைகளுக்கே ஒதுக்கியவர்கள் விடை சொல்லட்டும்.

அடுத்த திருத்தத்தில் இரண்டாம் அலகின் தலைப்பை 'எழுவாயும் பயனிலையும்: ஆங்கிலத்திலும் நம் மொழிகளிலும்' என்று மாற்ற வேண்டுமென்று பாடத்திட்டக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு மேலதிக வகுப்போ செலவோ தேவையில்லை. உருது, தெலுங்கு, தமிழ் மூன்றையும் அறிந்த மாணவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குகட்பள்ளி வகுப்பறையில் உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை.

அந்த மாணவிக்கு அரை மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை. விடைக்குறிப்பில் அச்சொல் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். வரும் பருவத்தில் விடைத்தாள் திருத்த உட்காரும் நண்பர்கள், மீதிங்க்ஸ் என்ற சொல்லின் 'எஸ்'ஸைக் கண்டால், சிவப்புப் பேனாவைத் தயவுசெய்து மூடி வையுங்கள்.