எதிர்ப்பு சக்திக்கு லேகியம் கேட்காதீர்கள்!

‘‘டாக்டர், பையனுக்கு அடிக்கடி சளி பிடிக்குது. எதிர்ப்பு சக்தி கூடுற மாதிரி ஏதாவது லேகியம் குடுங்களேன்!’’

சித்த மருத்துவர்களிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது. கடையில் பிஸ்கட்டிலிருந்து பால் பவுடர் வரை ‘எதிர்ப்பு சக்தி தரும்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். வண்டிக்கு பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி, ஊற்ற ஊற்ற ஏறுகிற சரக்கு அது என்று ஜனங்களும் நம்பிவிட்டார்கள்.

அது தப்பு என்பதுதான் என் கருத்து. நம் உடம்பின் முதல் காவலுக்கு முக்கியமாக வேண்டியது முரட்டு பலம் அல்ல. வந்திருப்பது யார் என்று அடையாளம் காணும் திறமை!

பெயர் தெரியாது... ஆனால் அந்நியன் என்று தெரியும்!

தெரு நாயைப் பார்த்திருப்பீர்கள். புது ஆள் தெருவுக்குள் நுழைந்தால் குரைக்கிறது. வந்தவர் பெயர் என்ன, ஊர் என்ன என்று அதற்குத் தெரியாது. ‘இது நம்ம தெரு ஆள் இல்லை’ என்பது மட்டும் தெரியும். நாம் பிறக்கும்போதே கூடப் பிறந்த வெள்ளை அணுக்களின் காவலும் ஏறக்குறைய இப்படித்தான்.

எப்படி அடையாளம் காண்கின்றன? பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடல் செல்களில் இல்லவே இல்லாத சில பொருட்கள் இருக்கின்றன. அது நீந்த உதவும் வாலிலும் அப்படி ஒரு புரதம் உண்டு. சில வைரஸ்கள் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வும் அந்நியச் சரக்குதான். இவற்றைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ‘உணர்விகள்’ நம் வெள்ளை அணுக்களில் இருக்கின்றன. ‘டோல்’ வகை உணர்விகள் மட்டும் மனிதருக்கு 10. கோடிக்கணக்கான கிருமிகளுக்கு 10 போதுமா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளும் வேலை இவற்றுக்கு இல்லை. பல கிருமிகளுக்குப் பொதுவான அடையாளத்தைப் பிடித்தால் போதும்.

இப்படி ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1989-ல் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ஜேன்வே. டோல் பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மாண்டு போவதை 1996-ல் பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மேன் குழுவினர் காட்டினார்கள். 1998-ல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் எலிகளில் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். ஹாஃப்மேனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எலி சொன்ன பாடம்

அந்த எலி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து சாதாரண எலிக்கு அதிகமாகச் செலுத்தினால், அதன் உடல் கொந்தளித்து எலி செத்துப் போகும். ஆனால் ஒரு வகை எலிகள் அசையாமல் நின்றன. காரணம், அந்தப் பொருளை உணரும் உணர்வி அவற்றில் பழுது! ‘பரவாயில்லையே, கெட்டிக்கார எலி’ என்கிறீர்களா? உயிருள்ள சால்மோனெல்லா கிருமி கொஞ்சம் உள்ளே போனாலே இதே எலிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் இறந்தன.

புரிகிறதா? குரைக்காத நாயும் ஆபத்து. வெறி பிடித்துக் குரைக்கிற நாயும் ஆபத்து. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல் என்றுதான் வாத, பித்த, கபத்தைப் பற்றி எங்களுக்கும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

சில சமயம் இந்தக் காவல் வீட்டு ஆளையே கடித்துவிடுகிறது. ராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கிறதே ‘கவுட்’... அங்கே கிருமியே கிடையாது. நம் உடம்பிலேயே உண்டான யூரிக் அமிலப் படிகங்களைப் பார்த்து வெள்ளை அணுக்கள் கிளப்பும் கலவரம் அது. இப்படிப்பட்டவருக்குப் போய் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டு’ என்றால் என்ன நியாயம்?

காய்ச்சல் ஒன்று... காரணம் பல

இன்னொரு விஷயம். முதல் காவலுக்குக் கிருமியின் பெயர் தெரியாது என்றேன் அல்லவா? அதனால்தான் டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் எதுவானாலும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்கிறது. காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு, வாய்க்கசப்பு... எல்லாம் ஒரே அபாயச் சங்கின் சத்தம்! சத்தத்தை மட்டும் வைத்து வந்தவன் யார் என்று சொல்லிவிட முடியாது. நாடி பிடிக்கிற நானே சொல்கிறேன், இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

‘ஒரு ஊசி போட்டா உடனே இறங்கிடுது’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சங்கின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருடன் உள்ளேயேதான் இருப்பான். (ஆஸ்துமா, மூட்டு நோய் போன்றவற்றுக்கு டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கதை.)

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் வரும் ஓரிரு நாட்கள்தான் கண்டம். விடாத வயிற்று வலி, வாந்தி, ரத்தக் கசிவு, சில்லிட்ட கை கால் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நிலவேம்பு டீ அல்ல!

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் எங்கள் மருந்துகள்தான். மருந்து என்பதால்தான் அளவும் காலமும் உண்டு. எதிர்ப்பு சக்திக்கு என்று வருஷம் முழுக்க டீ மாதிரி குடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்பூசிக்கு பதிலாகவும் இவற்றை நினைக்காதீர்கள். கிருமியை அதன் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்வது இரண்டாவது படை. அதற்குப் பயிற்சி கொடுப்பது தடுப்பூசி.

சரி, சளி பிடிக்கிற பையனுக்கு என்ன செய்வது? பள்ளிக்குப் போக ஆரம்பித்த சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம். மூக்கு ஒழுகுவதே காவல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எடை ஏறாமல் இருந்தாலோ, திரும்பத் திரும்ப நிமோனியா, காதில் சீழ் என்று வந்தாலோதான் விசாரிக்க வேண்டும். மற்றபடி பருப்பு, முட்டை, கீரை, நல்ல தூக்கம் போதும். வீட்டுக்குள் அப்பா பீடி, சிகரெட் பிடிக்காமல் இருந்தால் அது பெரிய மருந்து! பெரியவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, ‘எதிர்ப்பு சக்திக்கு மருந்து குடுங்க’ என்று கேட்காதீர்கள். ‘இந்தச் சளி ஏன் வருது, சகஜமானதுதானா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொறுமையாக பதில் சொல்கிறவரே நல்ல வைத்தியர்.